வல்லம் வடகாலில் ஒரு புயல்

பென்னலூர்,
வியாழக்கிழமை.

அன்புள்ள அத்தைக்கு,

ஷாரோன் எழுதுவது. ஆண்டவர் உங்களுக்குத் தூக்கத்தையாவது தரட்டும். முழங்காலுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். போனில் உங்கள் மகன் பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

என் வேலை என்னவென்று நீங்கள் கேட்டதே இல்லை. கடலில் மிதவை போட்டு அலையையும் காற்றையும் அளக்கிறார்கள் அல்லவா, அதற்குள் இருக்கும் கருவியை நாங்கள் சோதிக்கிறோம். எங்கள் கம்பெனி இருக்கும் வல்லம் வடகாலில் கடலுக்கு எங்கே போக? கம்ப்யூட்டரிலிருந்து பொய்க்கடல் ஒன்றைக் கருவிக்கு அனுப்புவோம். அதுவும் நம்பி, அலை இவ்வளவு என்று பதில் சொல்லும். கடற்கரையில் பிறந்தவளுக்கு வாய்த்த பிழைப்பைப் பாருங்கள்.

போன வாரம் இன்ஜினியர் செந்தமிழன் நிஜப் புயல் ஒன்றின் பதிவைக் கொண்டுவந்தார். இனி எல்லாக் கருவிக்கும் இதையே ஓட்டு என்றார். திரையில் தேதியைப் பார்த்தேன். உங்கள் மகன் படகு காணாமல்போன அதே இரவு. இடமும் அவர் கடைசியாக வயர்லெஸில் சொன்ன இடத்துக்குப் பக்கம்தான்.

அத்தை, அன்றைக்கு அலை நம் வீட்டுக் கூரை உயரத்தையும் தாண்டி எழும்பியிருக்கிறது. சங்கிலி போட்டுக் கடலடியில் கட்டிய மிதவையே கவிழ்ந்து பேச்சை நிறுத்திவிட்டது. அவர் போனது மரப்படகு. எங்கோ கரையேறி ஆஸ்பத்திரியில் கிடப்பார் என்று நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன்.

அடுத்த கருவிக்கு ஓட்டும்போது மனசு கேட்கவில்லை. அலையையும் காற்றையும் நானே குறைத்தேன். விடியும்வரை அமைதியான கடலைச் சேர்த்தேன். கருவி நம்பிவிட்டது. எல்லாம் நலம் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. நானும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சூப்பர்வைசர் கலைமணி அக்கா வந்து, இன்னாடி இது, கடலை நீயே மாத்திக்கினு கீற, யார் வூட்டுக் கடல் என்று கத்தினார். அதை அழித்துவிட்டு, மறுபடி புயலையே ஓட்டினேன். நாளைக்கும் அதைத்தான் ஓட்டவேண்டும்.

பங்குச் சாமியார் சொல்வதற்குச் சம்மதியுங்கள். உடல் கிடைக்காதவர்களுக்குச் செய்வதுபோல், அவர் உடுப்பைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்துவிடுவோம். இந்த மாதக் கடைசி ஞாயிறு வருகிறேன். புருஷனுக்குக் குழி தோண்ட வந்துவிட்டாள் என்று ஊர் முன்னால் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். கதவை மட்டும் சாத்திவிடாதீர்கள். இங்கே ஒரே அறையில் ஆறு பேர். வாய்விட்டு அழ, உங்கள் வீட்டை விட்டால் எனக்கு இடமில்லை.

உங்கள் மருமகள்,
ஷாரோன்