புவனத்தின் கதிரை

டண்டினொங், அவுஸ்திரேலியா
1977 ஆவணி

புவனத்தின் அப்பாவுக்கு நமஸ்காரம். இருமல் குறைந்ததா? இங்கு பயப்பட ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை நகரசபை வாசலில் மேயர், அவர் மனைவி, படம் பிடிக்கிறவன், நம் புவனம், அவளைக் கட்டிய மருமகன், நான் எல்லோரும் நின்றோம். படி ஏறமுடியாமல் புவனம் வருடக்கணக்காகக் கேட்ட சரிவுப்பாதையை ஒருவழியாகக் கட்டிவிட்டார்கள். முதல் ஆளாகத் தன் சில்லுக் கதிரையைத் தானே உருட்டி ஏறவென்று புதுச்சேலை உடுத்து வந்திருந்தாள்.

மேயருக்கோ பேப்பரில் படம் வரவேண்டும். இரண்டு காலும் நல்லாயிருக்கிற தடியன், சில்லுக் கதிரையில் உட்கார்ந்து ஏறிக் காட்டப்போகிறாராம். யாருடைய கதிரை? நம் பிள்ளையுடையது. அவளைத் தூக்கிப் படியில் இருத்தியாயிற்று. ஏறியவர் அப்படியே தேத்தண்ணி குடிக்க உள்ளே போய்விட்டார். கதிரை மேலே, பிள்ளை கீழே.

"அம்மா, கத்தாதேங்கோ. எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும், வெக்கங்கெட்டதுகள்!"

மிளகாய்த்தூள் அனுப்புங்கள். கடிதத்தை நீளமாக எழுதுங்கள், பகலில் பேச ஆளில்லை. மருமகன் வேலையால் வருமுன் இதை ஒட்டவேண்டும்.

மேயர் யாரோ அன்னியன், போகட்டும். பல்லைக் காட்டிக்கொண்டு அவளைத் தூக்கிக் கதிரையைக் கொடுத்தவனைச் சாகும்வரை மன்னிக்கமாட்டேன். அவன் உங்கள் அக்காவின் மகன், நம் மருமகன் தர்மகுலசிங்கம்.