நீ கேட்டு வாங்கிய நாற்காலி

போன செவ்வாய்க்கிழமை இரத்தினபுரியில் எங்கள் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது, கதவைத் திறந்துகொண்டு இரண்டு பெண்கள் வந்தார்கள். அவர்களோடு ஒட்டுப்பால் வாடையும் உள்ளே வந்தது. சிரட்டையில் காய்ந்து புளித்த ரப்பர் பாலின் அந்த வாடை எத்தனை சவர்க்காரம் போட்டாலும் துணியை விட்டுப் போகாது. உனக்குத் தெரியாததா? பால் வெட்டிவிட்டு நீ வந்து என் பக்கத்தில் உட்காரும்போதெல்லாம் வருஷக்கணக்காக அதை முகர்ந்தவள்தான் நான். ஆனாலும் அன்றைக்கு என் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை. அதுதான் இன்னும் கேவலமாக இருக்கிறது.

அவர்கள் தெரணியகலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து, காலை வெட்டு முடிந்த கையோடு பஸ் மாறி மாறி வந்திருந்தார்கள். மூத்தவள் பெயர் கலைச்செல்வி. தோட்டங்களுக்கு உதவும் நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து நடத்துகிற நம் கூட்டமைப்பிடம் அவர்களுடைய சிறிய பெண்கள் சங்கம் ஒன்றே ஒன்றுதான் கேட்டது. சங்க வேலையை முழு நேரமாகப் பார்க்க ஒரு பெண்ணுக்கு ஒரு வருஷம் சம்பளம். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களையும் அடையாள அட்டை இல்லாதவர்களையும் கூட்டிக்கொண்டு பிரதேச செயலகத்துக்கு அலைவதற்கு அவர்களுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. பெயர் போட்டால்தான் அன்றைய கூலி; அந்த நாளையெல்லாம் விட்டுவிட்டு யார்தான் அலைய முடியும்?

தமிழில் பேசவேண்டியது நான்தான் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சம்பளத்துக்கெல்லாம் குடுக்கிறது கஷ்டங்க. தையல் மெஷின் மாதிரி ஏதாவது கேட்டா செஞ்சு குடுக்கலாம்."

"தையல் மெஷின் எங்ககிட்ட இருக்குங்க," என்றாள் கலைச்செல்வி. இரண்டு பேரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த விஷயத்துக்குப் போனோம். நீ இருந்திருந்தால் எழுந்து நின்று என் மானத்தை வாங்கியிருப்பாய்.

மண் சரிந்த அந்த வருஷத்தை நினைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். நம் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மலை இறங்கி, கடைசி மூன்று காம்பராவை மூடிய வருஷம். ஆள் சேதம் இல்லை என்று தோட்டத்தில் ஆறுதல் சொன்னார்கள். நமக்கு வேண்டியிருந்தது, அடுத்த மழைக்கு முன்னால் மேலே ஒரு நல்ல கான் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிடுவது. அதற்கு மட்டும் யாரிடமும் காசு இல்லை. மாறாகத் தையல் மெஷின் வந்தது. ஒரு நிறுவனம் கொடுத்துவிட்டுப் போன பிறகு இன்னொன்று வந்து கொடுத்தது. மூன்றாவதும் கொடுத்தது. நான் வேலை பார்த்த பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைத் தூங்கவைக்க இடமில்லாமல் மெஷின்கள் நின்றன. படம் எடுக்க வந்த பையனிடம் நீ சண்டைக்குப் போனாய். "எங்க மூஞ்சிய எடுத்து என்னா செய்யப் போறீங்க? மேல ஏறிப் போயி அந்தக் கானை எடுங்க!" அந்தப் பையன் பாவம், பயந்துபோனான். அவனிடம் ஏன் கத்தினோம் என்று நீயே பிறகு வருத்தப்பட்டாய்.

அடுத்த மாதம் அந்த நிறுவனங்கள் எல்லாம் ஒரே மேசையில் உட்காரப் போகின்றன என்று கூப்பிட்டார்கள். உதவி பெற்றவர்கள் சார்பில் நாலு நல்ல வார்த்தை சொல்லத்தான் நம்மைக் கூப்பிட்டது. கங்காணி அரை நாள் லீவுகூடத் தராததால் நீ வெட்டுத் துணியோடே வந்தாய். நாம் உட்கார்ந்ததும் எதிரே இருந்த அம்மா ஒருத்தி எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டாள். நீ தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தேன். உன்னை நான் அப்படிப் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

பிறகு எழுந்தாய். பெல்மதுளை கடைத்தெருவில் பழகிய சிங்களத்தில் நேராகக் கேட்டாய்: "மாத்தயா, நீங்க மூணு பேரும் எங்க லயத்துக்கு வந்தீங்க. ஒருத்தர் வந்தது இன்னொருத்தருக்குத் தெரியாதா? எங்ககிட்டயும் கேக்கல, உங்களுக்குள்ளயும் பேசிக்கலயா?"

தலைவராக இருந்த வயதான சிங்களவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பேசிக்கொள்ளவில்லை," என்று ஒப்புக்கொண்டார்.

அங்கிருந்துதான் எல்லாம் மாறியது. ஒரே நேரத்தில் எல்லோரும் சேர்ந்து வந்து பார்த்தார்கள். ஆளுக்கொரு தலைப்பில் இருந்த காசை ஒன்றாகப் போட்டார்கள். கான் வெட்டப்பட்டது. நீ அதோடு விடவில்லை. கூட்டத்துக்குத் தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டும் என்றாய். முடிவெடுக்கிற மேசையில் தோட்டச் சங்கங்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்றாய். பொருளாகக் கொடுத்தால் அது தேய்ந்துபோகும், சங்கத்தை நடத்த ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுங்கள் என்று கேட்டு, மூன்று கூட்டம் சண்டை பிடித்து வாங்கினாய். அந்த ஆளாக என்னைத்தான் போட்டாய்; அந்தச் சம்பளத்தில் கம்ப்யூட்டர் படித்து, சிங்களம் எழுதப் பழகி, பிள்ளைக் காம்பராவை விட்டு வெளியே வந்தவள் நான்.

மேசையில் உனக்கு இடம் கிடைத்த முதல் நாள், திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டாய். "ஏண்டி, நான் ரொம்பப் பேசிட்டேனா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். கொஞ்ச தூரம் போனதும் சிரித்தாய். "அந்த ஏசி ரூம் எனக்குப் புடிச்சிருச்சு புள்ள. அதான் பயமா இருக்கு."

உனக்கு நெஞ்சு வலித்த அன்று த்ரீவீலர் தோட்ட ரோட்டில் மெதுவாகத்தான் இறங்க முடிந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது நீ பேச்சை நிறுத்தியிருந்தாய். காரியம் முடிந்ததும் கூட்டமைப்பிலிருந்து கேட்டார்கள். உன் இடத்தில் நான் உட்கார்ந்தேன். நன்றாகவே உட்கார்ந்துவிட்டேன்.

புதன்கிழமை தெரணியகலைக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. கலைச்செல்வி இஸ்தோப்புத் திண்ணையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பதறி, உள்ளே இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் வாசற்படியில் உட்கார்ந்தேன்.

"நேத்து நான் பேசினது தப்பு," என்றேன்.

"ஐயோ, அப்பிடியெல்லாம் இல்லங்க மேடம்."

"மேடம்னு சொல்லாதீங்க. நானும் லயத்துல பொறந்தவதான்."

அவள் கையில் இருந்த துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "தெரியுங்க. எங்க ஆளு ஒருத்தவங்க அங்க இருக்காங்கன்னு சொன்னாங்க. அதாலதான் தைரியமா வந்தோம். இல்லாட்டி வந்திருக்க மாட்டோங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். உள்ளே, மடித்த சேலையொன்றைப் போர்த்திக்கொண்டு தையல் மெஷின் நின்றது. அதன் மேல் பிள்ளைகளின் புத்தகங்களை அடுக்கியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை தலைவரைப் போய்ப் பார்த்தேன். கலைச்செல்வியின் சங்கம் கேட்டதை மறுபடி கூட்டத்தில் எடுத்துப் பேசவேண்டும், தவறு என்னுடையது என்றேன். அதை அவர் உடனே ஏற்றுக்கொண்டார். மேசையில் இருக்கிற இடம் ஒரே ஆளிடம் இருக்கக்கூடாது, சிறிய சங்கங்கள் முறை வைத்து உட்காரவேண்டும், முதலில் நான் எழுந்துகொள்கிறேன் என்று சொன்னபோதுதான் மனுஷர் சங்கடப்பட்டார். "நீ இப்போதுதான் வேலையை நன்றாகப் பழகியிருக்கிறாய்," என்றார். "அதனால்தான் சொல்றேன் மாத்தயா," என்றேன். அதை அடுத்த கூட்டத்தில் முன்வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். சிலர் எதிர்ப்பார்கள். என் மனசிலேயே ஓர் ஓரம் அது தோற்றால் நல்லது என்று நினைக்கிறது. உன்னிடம் இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

நான் என்ன செய்தாலும் கலைச்செல்வி அன்றைக்குக் கும்பிட்டுவிட்டு வெளியே போனது போனதுதான். அவர்கள் அத்தனை தூரமும் பஸ்ஸில் என்ன பேசிக்கொண்டு திரும்பியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் பேசியிருக்கமாட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது.

நேற்று அவளே போன் எடுத்தாள். சம்பளம் கிடைத்தால் அந்த வேலைக்கு யாரைப் போடலாம் என்று கேட்டாள். அது அவர்களே முடிவு செய்யவேண்டியது என்றேன். அரைமணி நேரம் மனம்விட்டுப் பேசினாள், ஓரிடத்தில் சிரிக்கவும் செய்தாள். வைக்கும்போது, "சரிங்க மேடம், வச்சிடுறேங்க," என்றாள்.

திருத்த வாயெடுத்தேன். அதற்குள் வைத்துவிட்டாள். அந்த வார்த்தையை என்னிடமிருந்து கழற்றுவது அவள் வேலை இல்லையே.