மச்சான் கையோடு போன வேதசாட்சி நாடகம்

என் ஆசை மச்சான் அந்தோணிக்கு,

ராயபுரத்தில் எல்லோரும் சுகம். துறைமுகத்தில் வெள்ளைக்கார ஃபோர்மேன் கப்பலேறிவிட்டார். இப்போது நம்ம ஆள்தான். அதட்டல் மட்டும் அதே அதட்டல்.

உன்னிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அடக்கத்தன்று ஜெபப்புத்தகம் என்று நினைத்து நான் உன் கைக்குள் வைத்தது நம் வேதசாட்சி நாடகப் புத்தகம். இரண்டுக்கும் ஒரே கறுப்புக் காலிகோத் துணி அட்டை, நீயே பைண்டு போட்டது. அழுத கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. மறுநாள் பார்த்தால் ஜெபப்புத்தகம் பீரோவில் இருக்கிறது.

சொல்லுக்குச் சொல் இடம் விடாத அந்தப் பழைய அச்சுப் புத்தகத்துக்கு நான் எங்கே போவேன்? சாந்தோம் வரை கேட்டுப் பார்த்துவிட்டேன். திருநாளுக்கு மூன்றே வாரம். அவரவர் பாட்டு அவரவருக்கு மனப்பாடம். வேதத்துக்காகத் தலை கொடுக்கும் உன் வேதசாட்சி வேஷத்தின் பாட்டு மட்டும் உன்னோடு போய்விட்டது. வருடத்துக்கு ஒருமுறை மேடையில் உன் தலையை வெட்டிவிட்டு, உன் வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்ட கொலைஞன் நான். வெட்டுவதற்கு ஆள் இல்லாமல் நின்றேன்.

ராஜா வேஷக்காரர் மிக்கேல், "சாமியாராண்ட கேட்டுக்கினு குழிய தொறந்துடலாம்பா" என்றார். நானும் தலையாட்டினேன், மன்னித்துக்கொள்.

என் தங்கச்சிதான், உன் ரோசலிதான் தடுத்தாள். "அவரு தூங்கட்டும்ண்ணே. நான் சொல்றேன், எழுதிக்க."

"இன்னாமே சொல்றே? உனக்கு எப்டித் தெரியும்?" என்றேன்.

"பத்து வர்சமா சோறு வடிக்கசொல்ல அவரு பாடறத கேட்டுகினுதானே கீறேன்."

நான்கு சாயங்காலம் சொன்னாள், உன் வேஷத்துக்கு வரும் பையனுக்காக எழுதினேன். ஒரு சொல் தடுமாறவில்லை. நமக்கு ஏன் அவளைக் கேட்கத் தோன்றவில்லை, மச்சான்?

சிறையில் வேதசாட்சி மனைவியிடம் விடைபெறும் இடம் வந்ததும் நிறுத்திவிட்டாள்.

"மத்ததெல்லாம் செவுத்தப் பாத்துப் பாடுவாரு. இத்த மட்டும் என்னப் பாத்துத்தான் பாடுவாரு. இத்தத் தரமாட்டேண்ணே."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. பேனாவை மூடிவைத்தேன்.

அந்தப் பாட்டு இல்லாமல் ஆட்டமா என்று மிக்கேல் முறைக்கிறார். முறைக்கட்டும். நான் உயிரோடு இருக்கும்வரை அந்த இடத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒரு பாட்டு நேரம் மேடை சும்மா நிற்கும். அதற்கப்புறம்தான் கத்தியை எடுப்பேன். இது என் சத்தியம்.

இப்படிக்கு,
உன் மச்சான், ரோசலியின் அண்ணன்,
சூசை