துத்தி பூத்த வேளையில் வந்தவர்கள்

நேற்று சாயங்காலம் உன் மகள் என் வீட்டு வேலிப் படலருகே வந்து நின்றாள். துத்தி பூத்திருந்தது. பொழுது சாய்ந்தால்தானே அது மஞ்சளாக விரியும். அவள் முகத்தைப் பார்த்ததும் எதற்கு வந்திருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. படுபாவி, எனக்கு முந்திப் போய்விட்டாயே.

இந்தச் செடி நீ கொடுத்த விதையில் முளைத்தது. அப்போது நாம் இருந்த மயிலாப்பூர் கால்வாயோரச் சந்தில், நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே நீதான் முதலில் போட்டாய். களைச்செடிக்குப் போய்ப் பாத்தி கட்டுகிறாளே என்று சிரித்தவள் நான். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியபோது கீரைக்காரியும் ஓடிவிட்டாள். அப்போதுதான் அதன் அருமை தெரிந்தது. என் வீட்டுக்காரருக்கு டிராம் வேலை, நாங்கள் நகர முடியாது. உன் புருஷன் ரங்கூனில், சேதியே இல்லை. உன் அண்ணன் வந்து கூப்பிட்டும் நீ அசையவில்லை. "அவரு வந்து பூட்டுன கதவப் பாக்கணுமா?" என்றாய். இடுப்பில் இந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு, அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி ஊற்றி நீ வளர்த்த துத்திதான் அந்த நாட்களில் இரண்டு வீட்டுக்கும் பொரியல், கூட்டு எல்லாம்.

அப்படியொரு சாயங்காலம் அந்த ஆள் வந்தான். பர்மாவிலிருந்து நடந்தே வந்தவன். காலில் கந்தல் சுற்றியிருந்தது, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கையில் உன் புருஷனுடைய வெற்றிலைப் பெட்டி. நீயும் அதைப் பார்த்தாய். "எம்மா, உங்க வூட்டுக்காரரு..." என்று அவன் ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினாய்.

"சோறு துன்னு எத்தினி நாளாச்சு?"

அவன் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினான்.

"குந்து. துன்னு முடிக்கிற வரிக்கும் ஒண்ணும் சொல்லாத."

இவளுக்கென்ன புத்தி பேதலித்துவிட்டதா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. நீ பாத்திக்குப் போய் ஒவ்வொரு இலையாகத் திருப்பி, பூச்சி பார்த்துப் பறித்தாய். விளக்கு வைக்கும் நேரத்தில் யாராவது கீரை பறிப்பார்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. உப்பு எங்கே என்று என்னைக் கேட்டாய். குரல் எப்போதும்போலத்தான் இருந்தது, உப்புச் சட்டி உன் கையருகேதான் இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழவுச் சேதி காதில் விழுந்துவிட்டால் அடுப்பை அவித்துவிட வேண்டும். அப்புறம் அந்த வீட்டில் உலை ஏறாது. அவன் வந்த பசியோடு திரும்ப வேண்டியதுதான்.

அவன் சாப்பிட்டான். மறுசோறு கேட்டான், போட்டாய். ஒவ்வொரு கவளத்துக்கும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவன் கை கழுவியதும் எதிரே உட்கார்ந்து, "இப்ப சொல்லு நைனா," என்றாய். சொன்னான். நீ எழுந்து உள்ளே போனாய். அடுப்பில் தண்ணீர் விழுந்த சத்தம் கேட்டது. அதற்கப்புறம்தான் உன் அலறல்.

நேற்று உன் மகளும் வாயைத் திறந்தாள். காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடித்திருக்கமாட்டாள், உதடு காய்ந்து கிடந்தது. "மொதல்ல உள்ள வாடி. துன்னுட்டு அப்பறமா சொல்லு," என்று சொல்லிவிட்டுத் துத்தி பறிக்கப் போனேன்.

அவள் மெதுவாகத்தான் சாப்பிட்டாள். நானும் அவசரப்படுத்தவில்லை. அவள் கை கழுவுகிறவரைக்கும், அடியே, என் வீட்டில் நீ உயிரோடுதான் இருந்தாய்.