பரவாயில்லை என்ற கெட்ட வார்த்தை

மார்ச் 4, செவ்வாய்

இன்று கணக்கு டீச்சரின் நாற்காலியில் "பழுது, உட்காராதீர்" என்று ஒரு சீட்டு ஒட்டினேன். பாவம், மணி அடிக்கும் வரை நின்றுகொண்டே பாடம் நடத்தினார். நாற்காலிக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் வீட்டில் நேர் எதிர். குறை இருக்கிறது, சீட்டுதான் இல்லை.

அம்மாவின் மார்பில் வந்த கட்டியை எடுத்தாகிவிட்டது. இப்போது மருந்து ஏற்றுகிறார்கள். முதல் மருந்தில் முடி போனது, பசி போனது, சிரிப்பில் பாதி போனது. இரண்டாவது மருந்துக்கு மாற்றியதும் வாந்தி நின்றது. உடனே ஊசி போடும் நர்ஸக்கா, "இது பூ மாதிரி மருந்துங்க" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து யார் என்ன கேட்டாலும் அம்மாவிடம் ஒரே பதில். "பரவாயில்லை."

கப்பலில் இருக்கும் அப்பா போனில் கேட்டால் பரவாயில்லை. பெரியம்மா கேட்டால் பரவாயில்லை. டாக்டர் கேட்டால் இரண்டு பரவாயில்லை. இதில் கொடுமை என்னவென்றால், ஆரம்பித்து வைத்தவள் நான்தான். நோய் வேறெங்கும் பரவவில்லை என்று டாக்டர் சொன்ன அன்று, "பரவலைல்ல? அப்போ பரவாயில்லை!" என்று சொல்லி அம்மாவைச் சிரிக்க வைத்தேன். என் ஜோக்கை எடுத்தே என் வாயைத் தைக்கிறாள்.

இன்னொன்று. பக்க விளைவாம். எந்தப் பக்கம்? மேல் பக்கம், கீழ்ப் பக்கம், நடுப் பக்கம் எல்லாம் அதுவாகத்தானே இருக்கிறது! இந்தப் பெயரை வைத்தவருக்கு ஒரு பாட்டில் ஏற்றிவிட்டு, "எந்தப் பக்கங்க விளையுது?" என்று கேட்க வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

அம்மா கோட்டு தைக்கும் கடையில் வேலை பார்க்கிறாள். மருந்து ஏற்றாத வாரங்களில் போய்வருவாள். கோட்டின் கைப்பக்கம் வைக்கிற குட்டிப் பொத்தான் ஒன்று வீட்டில் கிடந்தது. காலையில் அதை அவள் ஷூவுக்குள் போட்டுவிட்டு ஜன்னலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

போன வருஷம் ஒரு மிளகு போட்டதற்கே வாசலிலிருந்து ஷூ பறந்து வந்தது. "அடி வாலு, உன் வாலை ஒட்ட நறுக்கறேன் பாரு!" அந்தக் கத்தலுக்காகத்தான் போட்டேன். வீட்டில் யாராவது கத்தி எவ்வளவு நாளாகிறது!

ஷூவை மாட்டினாள். படி இறங்கினாள். தெருவைக் கடந்தாள். பஸ் ஏறினாள். என்னமா நடிக்கிறாள், என்னைவிடப் பெரிய கேடி என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வந்து ஷூவைக் கழற்றினாள். பொத்தான் விழுந்து கட்டிலுக்கு அடியில் உருண்டது. உள்ளங்காலில் வட்டமாக ஒரு குழி. அதற்குள் நாலு ஓட்டையும் அச்சாக விழுந்திருந்தது. தோல் உரிந்து காலுறையில் ரத்தம். அம்மா அந்தக் காலை யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்தாள்.

"இது எப்படி வந்துச்சு?" என்றாள். கோபமாகக்கூட இல்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 8, சனி

நாள் முழுக்க அந்தப் பொத்தான் மேல் நின்று வேலை பார்த்திருக்கிறாள்.

மார்ச் 9, ஞாயிறு

"சும்மா ஒரு விளையாட்டும்மா, கண்ணை மூடு. எந்த விரலைத் தொடறேன்னு சொல்லு" என்றேன். மூடினாள். சுண்டு விரலைத் தொட்டேன். பேச்சில்லை. மோதிர விரலைத் தொட்டேன். "தொட்டாச்சா?" என்றாள்.

அழுத்திக் கேட்டதும் சொன்னாள். விரல் நுனியெல்லாம் மரத்துப்போய்விட்டது. பாதமும் அப்படித்தான். பஞ்சு மேல் நடப்பது போல இருக்கிறதாம்.

"டாக்டர்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா மருந்தை நிறுத்திடுவாங்கடி. இத்தனை மாசம் பட்டதெல்லாம் வீணாப் போயிடும். அது திரும்பி வந்துட்டா?"

"விரல் போனா கோட்டு எதை வச்சும்மா தைப்ப? மூக்காலயா?"

"உயிர் இருந்தாத்தானே விரல்!"

பிறகு என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்து, டாக்டரிடம் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். மொட்டைத் தலையில் செய்த சத்தியம். கை வழுக்கிற்று. அது ஒன்றுதான் ஆறுதல்.

மார்ச் 13, வியாழன்

பெரியம்மா வந்திருந்தாள். அம்மாவுக்கு அக்கா, ஊருக்கெல்லாம் ஆலோசகர். அம்மா குளிக்கப் போனதும் மரமரப்பை மெல்லச் சொன்னேன். பெரியம்மாவிடம் சொல்லக் கூடாது என்று சத்தியத்தில் இல்லை.

"வாய்விட்டுச் சொல்லாதே. சொன்னா வியாதி விருந்தாளி மாதிரி உக்காந்துக்கும்" என்றாள்.

"சொல்லாட்டி வீட்டுக்காரனாவே ஆயிடும் பெரியம்மா."

"வாய்க்கொழுப்பைப் பாரு! அவ எவ்வளவு தைரியமா இருக்கா, அதைக் கெடுக்காதே."

தைரியமாம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் கைப்பையில் குழாய்த் தண்ணீரை ஊற்றலாமா என்று பார்த்தேன். எல்லோருக்கும் அம்மா தைரியமாக இருக்க வேண்டும். அப்போதுதான் அவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். ராத்திரி அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து நடப்பதை யார் பார்க்கிறார்கள்?

மார்ச் 15, சனி

"கண்ணு கொஞ்சம் மங்குது, இதைக் கோத்துக் குடு" என்று ஊசியையும் நூலையும் நீட்டினாள். கண்ணில் ஒன்றுமில்லை. எதிர் வீட்டு மாடியில் காயும் சட்டையில் தையல் பிரிந்திருப்பதைக் காலையில் அவள்தான் எனக்குக் காட்டினாள்.

கோத்துக் கொடுத்தேன். தைத்துக்கொண்டிருந்த வெள்ளைத் துணியில் சிவப்பாக ஒரு புள்ளி. விரலில் குத்தியது அவளுக்குத் தெரியவில்லை. துணியைப் பார்த்துத்தான் தெரிந்தது.

மரத்துப்போவது. யார் கண்டுபிடித்த சொல்லோ, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். என் அம்மா நுனியிலிருந்து மரமாகிக்கொண்டு வருகிறாள். நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

சொன்னால் மருந்து போகும். சொல்லாவிட்டால் கை போகும். அம்மா சொல்வதுதான் சரியாக இருந்தால்? நான் வாயைத் திறந்து, அதனால் அது திரும்பி வந்தால்? எனக்குத் தெரியாது! யாருக்குத் தெரியுமோ அவரிடம் பேசக் கூடாதாம். என்ன நியாயம் இது!

மார்ச் 18, செவ்வாய்

இன்று மருந்து நாள். பெரியம்மாவுக்கு வேலை இருந்தது. நான் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு அம்மாவோடு போனேன்.

டாக்டர் கெட்டவர் இல்லை. அவசரக்காரர். கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டார்.

"காய்ச்சல்?"

"இல்ல டாக்டர்."

"வாந்தி?"

"இல்ல."

"கை கால்ல எரிச்சல், வலி?"

"எரிச்சலா? அது இவ மேல மட்டும்தான்" என்று அம்மா என்னைக் காட்டினாள். டாக்டர் சிரித்தார்.

"வேற?"

"பரவாயில்லை டாக்டர்."

டாக்டரும் தட்டத் தொடங்கிவிட்டார். எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. கட்டிலுக்கு அடியிலிருந்து பொறுக்கி வைத்திருந்த அந்தப் பொத்தானைப் பையிலிருந்து எடுத்து அவருடைய கண்ணாடி மேஜை மேல் வைத்தேன். அம்மாவிடம் மட்டும் சொன்னேன்: "உன் கடைப் பொத்தான்மா. கீழே விழுந்துடப் போகுது, எடு."

கடைப் பொத்தான் என்றதும் அவள் கை தானாக நீண்டது. விரல் வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது. நகத்தால் நெம்பினாள். பொத்தான் மேஜை மேல் சுற்றிக்கொண்டே போனது. எத்தனை ஆயிரம் பொத்தான் வைத்துத் தைத்த கை! கடைசியில் உள்ளங்கையால் மேஜை விளிம்புக்குத் தள்ளி, மடியில் விழவைத்துத்தான் எடுக்க முடிந்தது.

தட்டும் சத்தம் நின்றிருந்தது.

"எத்தனை நாளா இப்படி?" என்றார் டாக்டர்.

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இங்கே எழுதமாட்டேன்.

"மருந்து மாத்தினதுலேர்ந்து. முதல்ல நுனி மட்டும்தான்..."

"போன தடவையும் கேட்டேனேம்மா?"

"எரிச்சல் இருக்கான்னு கேட்டீங்க, வலி இருக்கான்னு கேட்டீங்க. ரெண்டும் இல்லையே. ஒண்ணுமே தெரியலைங்கறதை எப்படிங்க இருக்குன்னு சொல்றது?"

டாக்டர் நாற்காலியை அம்மா பக்கம் திருப்பினார். எல்லாரும் "இருக்கா, இருக்கா" என்று கேட்கிறார்கள். என்னம்மா இல்லாமல் போச்சு என்று ஒருத்தரும் கேட்கவில்லை!

"நிறுத்திடாதீங்க டாக்டர்." அம்மா கை கூப்பினாள்.

"யாரும்மா நிறுத்தறேன்னு சொன்னாங்க? இன்னிக்கு ஏத்த வேண்டாம். ஒரு வாரம் விட்டுட்டு, அளவைக் குறைச்சு ஏத்தலாம். அளவை மாத்தவும் தள்ளிப் போடவும் எங்களுக்கு இடம் இருக்கு. இதை மறைச்சு மறைச்சு முத்த விட்டிருந்தீங்கன்னா, அப்பத்தான் நிறுத்த வேண்டி வந்திருக்கும்."

"கை திரும்பி வருமா?"

"நிறைய பேருக்கு வந்திருக்கு. மெதுவா வரும். முழுசா வரும்னு வாக்குக் குடுக்க மாட்டேன்."

பிறகு அவர் எழுந்து வந்து, அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொரு விரலாகத் தொட்டுக் கேட்டார். என் விளையாட்டு! என்னிடமிருந்து திருடியது போலவே இருந்தது.

மார்ச் 20, வியாழன்

அம்மா என்னோடு பேசுவதில்லை.

"சத்தியத்தை மீறலையே. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை பேசினேனா?" என்று அவள் பின்னாலேயே அலைந்தேன்.

இரவு சாப்பிடும்போதுதான் வாயைத் திறந்தாள். "நீ பேசல. பொத்தான்தான் பேசுச்சு." சாப்பிட்ட தட்டை எடுத்தபடி, "ரொம்ப பயமா இருந்துச்சுடி" என்றாள்.

பரவாயில்லை என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

குறைத்த அளவில் மருந்து ஏறிவிட்டது. வீட்டில் எனக்கு உத்தியோகம் கிடைத்திருக்கிறது. பாத அதிகாரி. தினமும் சாயங்காலம் இரண்டு உள்ளங்காலிலும் காயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குளிக்கிற தண்ணீரின் சூட்டை நான்தான் தொட்டுப் பார்க்க வேண்டும். வெறுங்காலோடு நடந்தால் அபராதம், ஒரு குட்டு. குட்டு வைக்கும் அதிகாரம் எனக்கு!

பெரியம்மா போனில், "ஏண்டி, கண்டதையும் சொல்லி மருந்தைக் குறைச்சுட்டீங்களாமே?" என்றாள். போனை அம்மா வாங்கினாள். "அக்கா, கண்டதைச் சொல்லல. காணாமப் போனதைச் சொன்னேன்" என்றாள்.

வார்த்தை விளையாட்டு என் இலாகா. அதிலும் கை வைக்கிறாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

அக்கிரமம்! காலையில் பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று அவசரமாகச் சட்டையை மாட்டினால் கை வெளியே வரவில்லை. வலது கையும் இல்லை, இடது கையும் இல்லை. இரண்டு கை நுனியையும் யாரோ தைத்து மூடியிருக்கிறார்கள். கட்டிப்போட்ட கோழி மாதிரி நடுவீட்டில் நின்று கத்தினேன்.

தையல் கோணல்மாணலாக ஓடியிருந்தது. ஒன்று நீளம், ஒன்று குட்டை. ஓர் இடத்தில் நூல் சிக்கி முடிச்சாகிக் கிடந்தது. ஆனால் ஊசிக்கு நூல் கோத்துக் கொடுத்தது நான் இல்லை.

அம்மா கதவருகே நின்றாள். தலையில் குட்டையாக முடி.

"என்னம்மா இது?"

"பக்க விளைவு" என்றாள்.

தையலைப் பிரிக்காமல் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். வாசலில் ஷூவை மாட்டும் முன் மறக்காமல் உதறிப் பார்த்தேன். நினைத்தது சரிதான். பொத்தான் விழுந்தது.