செத்தவர் கையெழுத்து போட்ட பள்ளிக்கூடம்

கலூலு, என் ஓட்டக்கார முயலே,

நீ நல்லபடியாக எழுந்திருந்தால் நானும் நல்லபடியாகத்தான் எழுந்தேன் என்று வைத்துக்கொள். இடுப்பு வலி அப்படியே இருக்கிறது, ஆடுகள் ஒன்பதும் இருக்கின்றன, மக்காச்சோளம் குதிரில் முக்கால் அளவு நிற்கிறது, செப்டம்பர் வெயில் மண்டையைப் பிளக்கிறது, உன் அப்பா இல்லாத ஆறாவது மாதம் இது. இதற்கு மேல் நலம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை. உன் கடிதம் மிஷன் லாரியில் வந்தது. நாலு மாதம் கழித்து ஒரு கடிதம், அதிலும் ஒன்றரைப் பக்கம் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ஒருத்திக்குக் கண்வலி, ஒருவன் படகில் வரும்போது சிலேட்டைத் தண்ணீரில் விட்டுவிட்டான், ஐம்பத்தொரு பிள்ளைக்கு நீ ஒருத்திதான். கடைசி வரியில் அம்மா நீ சாப்பிடுகிறாயா என்று ஒரு கேள்வி. சாப்பிடுகிறேன். சம்பளம் வேண்டாம், ஒரே ஒரு வருடம் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சர்ச் ஆட்களோடு மேற்கே போனவள் நீ, இப்போது மூன்றாவது வருடம் நடக்கிறது. உன் அப்பா மார்ச்சில் காய்ச்சலில் போனபோது உன் சமவெளி முழுக்க வெள்ளம், செய்தி உனக்கு வந்து சேர மூன்று வாரம், அதற்குள் இங்கே அவர் குழி மண்ணே காய்ந்துவிட்டது. அதற்காக உன்னைத் திட்டப் போவதில்லை, வெள்ளத்தை நீயா விட்டாய். ஆனால் வெள்ளம் வடிந்த பிறகும் வராமல் இருக்கிறாயே, அதற்குத் திட்டுவேன். அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே வியாதி. அவர் பதினோரு வருடம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சும்மா பாடம் நடத்தினார், வீட்டுக்கு ஒரு கூடை சோளம் கொடுத்தார்கள், சில வீட்டில் அதுவும் இல்லை, கேட்டால் நான் என்ன வியாபாரமா செய்கிறேன் என்பார். நீ அதையும் விட மோசம், அவராவது வீட்டுக்கு வந்து தூங்குவார்.

இங்கே நடந்த கூத்தைக் கேள். அறுவடை முடிந்து ஜூனில் உன் அப்பாவுக்குப் பெயரேற்றம் வைத்தார்கள். அவர் பெயர் தரையில் கிடக்கக் கூடாது, யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும் இல்லையா, அவருடைய அக்கா மகன் யோத்தாமுவைத்தான் குடும்பம் பிடித்தது. பாயில் உட்கார வைத்து, மணிக்கட்டில் வெள்ளைப் பாசிமணி கட்டி, அப்பாவின் கோட்டை மாட்டிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, இனி நீதான் லுஃபேயோ தெம்போ என்று எல்லோரும் மண்டியிட்டுக் கைதட்டினோம். நானும் தட்டினேன். போன தடவை வந்தபோது அத்தான் அத்தான் என்று அவன் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாயே, இனி வந்தால் அவனை அப்பா என்றுதான் கூப்பிட வேண்டும், இப்போதே பழகிக்கொள். அதுவரை எல்லாம் முறைப்படிதான் நடந்தது. பாயைச் சுருட்டும்போது உன் அத்தை ஜெலிப்பா, பெற்ற மகனுக்குப் பெருமை வந்த குஷியில், பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவி வேறு, எல்லோருக்கும் கேட்கும்படி, "லுஃபேயோ எழுந்துட்டான், திங்கக்கிழமை பள்ளிக்கூடத்தைத் திறந்துடுவான்" என்றாள். நான் கேலி என்று நினைத்தேன். திங்கட்கிழமை அவன் கோட்டைப் போட்டுக்கொண்டு சாக்பீஸ் டப்பாவைக் கேட்டு வாசலில் நிற்கிறான். மாட்டு வண்டி ஓட்டுகிறவன், ஐந்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன்! நான் நேரே போய், "அண்ணி, பேரைத்தானே ஏத்தினீங்க, படிப்பையுமா ஏத்தினீங்க?" என்று கேட்டேன். அவள் சிரிக்கக்கூட இல்லை. "பேரு வந்தா அதோட வேலையும் வரும். என் தம்பி வேலை என்ன? பாடம் நடத்துறது. அப்ப லுஃபேயோ நடத்தட்டும்" என்று சொல்லிவிட்டுத் தவிட்டைப் புடைக்கப் போய்விட்டாள். ஊரில் ஒருவருக்குமே அதில் தப்பு தெரியவில்லை கலூலு. மூன்று மாதமாக ஆளில்லாமல் கிடந்த நாற்பத்து மூன்று பிள்ளைகளும் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள்.

பள்ளிக்கூடம் நம் அடுப்படிக்குப் பக்கத்திலேயே இருப்பது என் தலைவிதி. நான் படித்தது நாலாம் வகுப்புதான், ஆனால் உன் அப்பாவின் பதினோரு வருடப் பாடமும் என் குழம்போடு சேர்ந்து வெந்திருக்கிறது, எனக்குத் தெரியாமல் ஒரு வாய்பாடும் அந்தச் சுவரைத் தாண்டியதில்லை. யோத்தாமு இரண்டாவது நாளே ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று பலகையில் எழுதி நாற்பத்து மூன்று பேரையும் கத்தச் சொல்கிறான். நான் கரண்டியோடு போய் ஜன்னலில் நின்று ஐம்பத்தாறு என்றேன். "மாமி, வகுப்பு நடக்கும்போது குறுக்க வராதீங்க, லுஃபேயோ சொன்னா சொன்னதுதான்" என்றான். "அந்த லுஃபேயோ ஒரு நாளாவது ஏழெட்டைத் தப்பாச் சொன்னாராடா?" என்று கேட்டேன். பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். ஆனால் அவனைச் சும்மா சொல்லக் கூடாது. அன்று மத்தியானமே முற்றத்துக்கு வந்து, "மாமி, வகுத்தலையும் நீங்களே சொல்லிடுங்க, நாளைக்கு அதான் வருது" என்று உட்கார்ந்துவிட்டான். அன்றிலிருந்து தினமும் நான் நிலக்கடலை உரிப்பேன், அவன் உரித்ததைக் குவியல் குவியலாகப் பிரித்து வகுத்தல் போடுவான், மிச்சம் வந்ததை வாயில் போட்டுக்கொள்வான், அதனால் அவன் கணக்கில் மிச்சமே வராது. பெயர் ஏறினவனுக்கு அப்பாவின் கிண்ணத்தில்தான் களி போட வேண்டும் என்று உன் அத்தையின் உத்தரவு. போடுகிறேன். ஒரு நாள் அந்தக் கோட்டின் முதுகை மட்டும் பார்த்துவிட்டு, இத்தனை நேரமா சாப்பிட வர என்று கத்திவிட்டேன். அவன் திரும்பினான். எனக்கு அதற்குப் பிறகு அன்று வேலையே ஓடவில்லை. அதைப் பற்றி எழுதினால் காகிதம் நனையும், விடு.

ஜூலை கடைசியில் மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். சிலூஃபியா என்று பெயர், பெம்பா இனத்துக்காரர், வந்து இறங்கும்போதே நம் ஆட்களை எலி தின்னும் கூட்டம் என்றார், உன் அத்தை அவரைக் குரங்கு தின்னி என்றாள், இரண்டு இனத்துக்கும் உள்ள முறைப்படி கேலியெல்லாம் ஆயிற்று, சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனார்கள். பிறகு அவர் வாத்தியார்கள் காலையில் கையெழுத்துப் போடுகிற பதிவேட்டைத் திறந்தார். அதில் ஜூன் பத்தாம் தேதியிலிருந்து தினமும், ஒரு நாள் தவறாமல், கொட்டை எழுத்தில் லுஃபேயோ தெம்போ, லுஃபேயோ தெம்போ, லுஃபேயோ தெம்போ. அவர் பையில் இருந்த காகிதத்தில், நான்தான் மிஷன் ஆட்கள் மூலம் தெரிவித்திருந்தேன், லுஃபேயோ தெம்போ மார்ச்சில் இறந்தார் என்று இருக்கிறது. அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "உயிரோட இருந்தப்ப மாசம் ரெண்டு நாள் காய்ச்சல்னு லீவு போட்ட மனுஷன், செத்தப்புறம் ஒரு நாள்கூட லீவு எடுக்கலையே!" என்றார். அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பி உங்க டீச்சர் யாரு என்றார், எல்லாரும் லுஃபேயோ என்றார்கள். லுஃபேயோ எங்கே என்றார். முன் வரிசையில் இருந்த ஒரு பொடிசு எழுந்து நின்று, "இந்த லுஃபேயோவா, மண்ணுக்குள்ள இருக்கிற லுஃபேயோவா, யாரைக் கேட்கிறீங்க?" என்று கேட்டது. நான் ஜன்னலுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

திருட்டுத்தனம் செய்ததாக எழுதப் போகிறார் என்று எல்லோரும் பயந்தார்கள். யோத்தாமு கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நான் பொய் போடலய்யா. எனக்கு அந்தப் பேரைத்தான் குடுத்தாங்க. யோத்தாமுன்னு போட்டிருந்தாதான் அது பொய்" என்றான். அழுதுவிடுவான் போல இருந்தது. அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. தொப்பியை எடுத்துவிட்டு, "எனக்கே என் மாமன் பேருதான், உங்க வழக்கம் எனக்குத் தெரியும் தம்பி. என் ஃபாரத்துக்குத் தெரியாதே" என்றார். திருட்டு என்று எழுதவில்லை. ஆனால் வேறொன்று எழுதினார். ஜனவரியில் பள்ளிக்கூடம் திறக்கும்போது பன்னிரண்டாம் வகுப்பு தேறிய ஒருவர், சும்மா நடத்துகிறவரானாலும் சரி, உயிரோடு இருக்கிறவர், அவருடைய சொந்தப் பெயரில் இங்கே வாத்தியாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பள்ளிக்கூடத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள், ஏழாம் வகுப்புப் பரீட்சைத் தாள் வராது, பிள்ளைகள் ஆற்றைத் தாண்டி மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். ஜனவரி ஆறு எப்படி இருக்கும் என்று உனக்கு நான் எழுத வேண்டுமா. முதலை இருக்கிற ஆற்றுக்கு எந்த வீட்டிலும் பெண் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள், ஒரு வருடம் வீட்டில் வைத்திருப்பார்கள், அடுத்த வருடம் எவனாவது பரிசத்துக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு பெண் கேட்டு வருவான். அவ்வளவுதான் முடிந்தது.

இந்த ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு தேறியவர்கள் இரண்டே பேர். ஒருவன் தலைநகரத்தில் லாரிக் கம்பெனியில் இருக்கிறான், அவன் ஊர்க் கல்யாணத்துக்கே வராதவன். இன்னொருத்தி நீ. கமிட்டி ஐந்து பேரும் என் முற்றத்தில் வந்து உட்கார்ந்தார்கள், எழுந்து போகிற வழியைக் காணோம். உன் அத்தை, "பெத்தவ நீ ஒரு வார்த்தை எழுதினா ஓடி வந்துடுவா. யாரோ பெத்ததுக்கு அங்க மூக்கு சிந்திவிட்டுக்கிட்டு இருக்கா, இங்க இருக்கிறதுக்கெல்லாம் மூக்கே இல்லையா?" என்றாள். யோத்தாமு மட்டும், "அவ வந்தா நான் விறகு வெட்டித் தர்றேன் மாமி, கூரையும் நானே மாத்தறேன், இந்தச் சாக்பீஸை மட்டும் என் கையிலிருந்து வாங்கச் சொல்லுங்க" என்றான். கண்டிப்பாக எழுது, கட்டளையாக எழுது என்றார்கள். சரி, எழுதிவிட்டேன். வா. ஜனவரிக்கு முன்னால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வா.

எழுதிவிட்டுப் பார்த்தால் அந்த வார்த்தையில் எனக்கே சந்தேகமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தைச் சாக்கு வைத்து உன்னைக் கூப்பிடுகிறேனோ என்று. நீ வந்தால் இந்த வீட்டில் இன்னொரு பாய் விரிக்கும், அப்பாவைப் பற்றிப் பேச ஒரு ஆள் இருக்கும், அந்தக் கோட்டைப் பார்த்து நான் மட்டும் திடுக்கிட வேண்டியிருக்காது. முதல் வருடம் முடிந்து நீ திரும்பாதபோது நான் அவரோடு பெரிய சண்டை போட்டேன், அவளை வரச் சொல்லி எழுதுங்கள் என்று. அவர் என்ன சொன்னார் தெரியுமா. "அவ வந்தா நமக்கு நல்லது, இருந்தா அதுகளுக்கு நல்லது. நான் எதைன்னு எழுத எசினாத்தி?" என்றார். சொல்லிவிட்டுச் சாக்பீஸை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார். எப்போதும் அப்படித்தான், நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பிள்ளைகளிடம் போய்விடுவார். இப்போது யாரிடமும் போகாமலேயே போய்விட்டார், சண்டை போடக்கூட ஆளில்லை, அதனால்தான் உன் தலையில் விடிகிறது.

சமவெளித் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி. படகில் எழுந்து நிற்காதே, நீந்தத் தெரியும் என்று நினைப்பு உனக்கு, கிழக்கத்திக்காரர்களின் நீச்சல் அந்த வெள்ளத்துக்குப் போதாது. கொசுவலையில் ஓட்டை இருந்தால் தை, பிள்ளைகளுக்கு மட்டும் தைத்துக் கொடுத்துவிட்டு உன்னுடையதை அப்படியே விடாதே, எனக்குத் தெரியும் உன்னை. உன் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கூரைக்குப் பக்கத்தில் உயரமாக வை, வந்தாலும் வராவிட்டாலும் அது நனையக் கூடாது. அப்பாவும் அப்பாவுக்கு முன் போனவர்களும் உன் பாதையில் பாம்பு இல்லாமல் பார்த்துக்கொள்ளட்டும். உன் கை வலிக்காமல் இருக்கட்டும், குரல் கட்டாமல் இருக்கட்டும். மிஷன் லாரி மாதக் கடைசியில் திரும்பும், பதிலை அதற்குள் அனுப்பு.

உன்னைப் பெற்று உன்னோடு மல்லுக்கட்டும் உன் அம்மா,
எசினாத்தி தெம்போ

கையெழுத்து போட்ட பிறகு இதை எழுதுகிறேன், கமிட்டிக்குத் தெரிய வேண்டாம். இங்கே நாற்பத்து மூன்று, அங்கே ஐம்பத்தொன்று. இரண்டு கூட்டத்தையும் ஒரே மரத்தடியில் உன் முன்னால் உட்கார வைத்தால், எந்தப் பக்கம் திரும்பி, எழுந்து வீட்டுக்குப் போங்கள் என்று சொல்வாய் கலூலு?