பதினெட்டாயிரம் அடியில் ஒரு சிட்டிகைப் பொடி

குன்னூர், மாசி 9, செவ்வாய்

அவ்வளவு உயரத்தில் மூக்குப்பொடி போடுகிற மனிதரை இன்றுதான் பார்த்தேன். சிலோனிலிருந்து வருகிறவர்களுக்கு லயன் எனும் வரிசை வீடுகள் கட்ட இடம் குறிக்கும் சர்வே அதிகாரி. டர்போ எஞ்சின் என்பதால் என் குட்டி விமானம் அங்கேயும் திணறாமல் பறக்கும். மனிதர்களுக்குத்தான் ஆக்சிஜன் முகமூடி வேண்டும். இவர் பொடி போடக் கழற்றினார், திரும்ப மாட்டவேயில்லை.

"மாட்டுங்க சார், கிறுகிறுக்கும்!"

"ஏனுங்க, எனக்கொண்ணுமில்லீங்க. உங்க மண்டைதான் ரெண்டாத் தெரியுது!"

ஒரு வழுக்கையே எனக்குப் போதாதா? சிரித்தபடியே வரைபடத்தில் வட்டம் போட்டார். விமானத்தைத் தாழ இறக்கியதும் தெளிந்துவிட்டார். வட்டத்தை மட்டும் விடவில்லை. சேரங்கோட்டுச் சதுப்பின் நடுவே லயன் வரிசை!

"அது சேறுங்க சார்."

"மேல இருந்து பாத்தவன் நானுங்க."

நான் என்ன கிணற்றுக்குள் இருந்தா பார்த்தேன்?

கோவையில் விமானம் இறங்கியதும் எங்களைக் குன்னூருக்கு ஜீப்பில் கூட்டிவந்த முத்தையா, சிலோனிலிருந்து வந்து முகாமில் இருப்பவர். "நம்ம லயம் எங்கன வருதுங்க தொரை?" என்றார். அதிகாரி வட்டத்தைக் காட்டினார். முத்தையாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

"ஊட்டுக்காரிகிட்ட இன்னிக்கே சொல்லிப்புடுறேங்க."

சேற்றிலா அவருக்கு வீடு? விமானத்துக் கேமரா மக்கர் பண்ணிவிட்டது, நாளை மறுபடி ஏற வேண்டும் என்று அதிகாரியிடம் புளுகிவிட்டேன். பக்கத்து அறையில் அவர் பொடி டப்பியைத் தேடிப் பெட்டியை உருட்டுகிற சத்தம் கேட்கிறது. அது என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. எனக்குத்தான் தும்மல் முட்டுகிறது.